மூன்றாவது கம்பி

எங்கள் அப்பாரு கட்டிய ஓட்டு வீட்டில் மெயின் போர்டு என்பது திண்ணைச் சுவரில் அறைந்த ஒரு மரப்பலகை. அதில் ஒரு மீட்டர், ஒரு இரும்புப் பெட்டி மெயின், இரண்டு பீங்கான் பீஸ் கட்டைகள். அவ்வளவுதான். அந்த வீட்டை இடித்துவிட்டுத் தம்பி கட்டிய மாடி வீட்டில், வெள்ளைக் கதவு போட்ட பெட்டிக்குள், பீஸுக்குப் பதிலாக வந்த எம்.சி.பி.கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ‘ஹால்’, ‘கிச்சன்’, ‘ஏ.சி.’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு வீடுகளில் எது மனிதரைக் கூடுதலாகக் காத்தது என்று யாராவது கேட்டால், உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குக் கருவி குறைவு, பயமும் கவனிப்பும் அதிகம். இன்றைக்குக் கடையில் கிடைக்காத கருவி இல்லை. அப்படியிருந்தும், உயிரைக் காக்கிற கருவியைத்தான் நாம் முதலில் கழற்றிப் போடுகிறோம்.

எங்கள் ஊர் பள்ளிபாளையம் காவிரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பாலம் தாண்டினால் ஈரோடு. ஆற்றின் மேற்பக்கம் மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. 1937-ல் அங்கே புனல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1957-ல் மாநில மின்வாரியம் அமைந்தது. 1962-ல் எங்கள் ஊரில் சேஷசாயி காகித ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கைத்தறி இருந்த வீடுகளில் ஒவ்வொன்றாக விசைத்தறி ஏறியது. நான் பள்ளிக்கூடம் போன எழுபதுகளில் நாங்கள் இன்னும் சேலம் மாவட்டம். நாமக்கல் மாவட்டம் பிறந்தது 1997-ல்தான். எழுபதுகளிலேயே தறிச் சத்தம் கேட்காத தெரு ஊரில் குறைவு. தறிக் கொட்டகையும் சமையல்கட்டும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும். இந்தப் பக்கம் அம்மா ஈரக் கையோடு வேலை செய்துகொண்டிருப்பார். மின்சாரம் எங்கள் ஊருக்குச் சோறு போட்டது. அதனால்தான் அதை எப்படி வீட்டுக்குள் வைத்துக்கொள்வது என்ற பேச்சும் எங்கள் வீடுகளில் இருந்தது.

எங்களுக்கு வயரிங் செய்தவர் அம்மாவுக்குத் தூரத்து உறவில் அண்ணன் முறை. எனக்கு மாமா. வயர்மேன் உரிமம் எடுத்தவர். தோளில் ஒரு காக்கிப் பை. அதில் பிளையர், டெஸ்டர், அட்டையில் சுற்றிய பீஸ் வயர். விளக்குச் சுற்றுக்கு மெல்லிய வயர், பவர் பிளக்குக்குக் கொஞ்சம் தடித்தது. அட்டையில் எந்தப் பக்கம் எது என்று அவரே பென்சிலால் எழுதி எங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். தேக்கு ரீப்பர் மேல் வயர் ஓடும். அதைத் தகரக் கிளிப் பிடித்திருக்கும். எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எந்த வயர் எந்த விளக்குக்குப் போகிறது என்று சுவரைப் பார்த்தாலே தெரியும். இன்றைக்கு எல்லாம் சுவருக்குள் குழாயில் ஒளிந்துவிட்டது.

பீஸ் போனால் வீட்டுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. யாரும் போர்டைத் தொடக் கூடாது. மாமா வரும்வரை மெயின் கீழே இறங்கியே இருக்கும். அவர் வந்ததும் கட்டையைப் பிடுங்கிக் கருகிய வயரைப் பார்ப்பார். பிறகு என்னைக் கூப்பிடுவார்.

“கண்ணு, பீஸ் போச்சுன்னா கரண்டு மேல கோவப்படாத. எங்கியோ ஒண்ணு சரியில்லைன்னு அது சொல்லுது. மொதல்ல அதைத் தேடோணும். பொறவுதான் வயரைக் கட்டோணும்.”

தேடுவார். இஸ்திரிப் பெட்டியின் வயர் நைந்திருக்கும். அல்லது மழையில் வெளித்திண்ணை ஹோல்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். அதைச் சரிசெய்த பிறகுதான் புது வயர் கட்டுவார். பீஸ் வயர் உருகுவது மின்கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் இருக்க. மனிதரைக் காப்பது அதன் நேரடி வேலை இல்லை என்பதை அவர்தான் முதலில் சொல்லித் தந்தார். கட்டிப் போடும் பீஸ் வயர் தன் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டம் போனால்தான் உருகும். ஐந்து ஆம்பியர் வயர் பத்து ஆம்பியர் வரை பொறுத்துப் போகும். மனிதரைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

மனிதரைக் காக்கிற வேலை கொல்லைப்புறத்தில் நடந்தது. எர்த்துக் குழி தோண்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்குக் கிணற்றடியில் பந்தல் போட்டு ஆள் வைத்துத் தோண்டினார்கள். எட்டடிக்கு மேல் ஆழம். ஓட்டை போட்ட இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கல் உப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு. மேலே ஒரு புனல், அதைச் சுற்றிச் செங்கல் தொட்டி, மூடி. மாமா இதைத் தன் வழக்கத்துக்குச் செய்யவில்லை. இந்தியத் தர நிறுவனம் 1966-ல் வெளியிட்ட எர்த்திங் நெறிமுறை குழாய் குறைந்தது இரண்டரை மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. தறி மோட்டாருக்கு இன்னும் கண்டிப்பு: 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், நிலையாக நிற்கும் மோட்டாரின் சட்டத்துக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் கேட்டன. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று இருக்கும். தறிக்காரர்கள் அதை ‘டபுள் எர்த்து’ என்பார்கள். தறி வாங்குகிறவர் மோட்டார் விலையோடு கரி, உப்பு மூட்டைக்கும் காசு எடுத்துவைப்பார்.

குழி போட்டதோடு வேலை முடிந்துவிடாது. எங்கள் பக்கம் ஆற்றங்கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம்தான் ஈர மண். திருச்செங்கோட்டுச் சாலையில் உள்ளே போகப் போகப் பாறையும் காய்ந்த மண்ணும். மண் காய்ந்தால் மின்சாரம் அதில் இறங்க மறுக்கும். அதனால் சித்திரையிலும் வைகாசியிலும் அந்தப் புனலில் தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகளின் வேலை. “எர்த்துக்குத் தண்ணி ஊத்துனியா?” என்று ஆத்தா கேட்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்று கேட்ட அதே வாயால், அதே அக்கறையோடு கேட்பார். அவருக்கு ஆம்பியரும் தெரியாது, ஓமும் தெரியாது. ஆனால் அந்தக் குழி காய்ந்தால் வீட்டுக்கு ஆகாது என்று தெரியும்.

அந்தக் குழி செய்யும் வேலையை இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வரும் கம்பிகள் இரண்டு: பேஸ், நியூட்ரல். மின்சாரம் ஒன்றில் வந்து மற்றொன்றில் திரும்புகிறது. மூன்றாவது கம்பியான எர்த், சாதாரண நாளில் ஒரு வேலையும் செய்வதில்லை. கிரைண்டருக்குள்ளோ மோட்டாருக்குள்ளோ பேஸ் வயரின் தோல் நைந்து இரும்பு உடம்பில் பட்டுவிட்டால்தான் அதன் வேலை தொடங்குகிறது. எர்த் இருந்தால் அந்த மின்சாரம் உடனே மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால், அந்த இரும்பு உடம்பு வெளியில் எந்த அடையாளமும் இல்லாமல் 230 வோல்ட்டில் காத்திருக்கும். அடுத்து அதைத் தொடுகிற மனிதர்தான் மூன்றாவது கம்பி.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பழைய மெயின்களில் பேஸுக்கு ஒரு பீஸ், நியூட்ரலுக்கும் ஒரு பீஸ் இருக்கும். நியூட்ரல் பீஸ் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் பேஸ் உயிரோடு இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நியூட்ரலில் பீஸ் வைக்கக் கூடாது என்று 1956 விதியே சொல்லியும், பல வீடுகளில் அது வெகுநாள் இருந்தது. பீஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியவர்களும் எங்கள் தெருவில் உண்டு. இரண்டு தெரு தள்ளி, சர்வீஸ் வயரைத் தாங்கிய இரும்புக் குழாயிலேயே துணி காயப்போடும் கம்பியைக் கட்டியிருந்தார்கள். ஒரு மழைநாளில் சர்வீஸ் வயரின் தோல் கிழிந்து குழாயில் பட்டது. ஈரத் துணியைப் போடப் போன பெண் திரும்பி வரவில்லை. அவருக்கு அப்போது கைக்குழந்தை. அதன் பிறகு எங்கள் பகுதியில் பலர் கொடிக்கு நைலான் கயிற்றுக்கு மாறினார்கள். ஒரு சாவு கொடுத்த பாடம் அது. அந்தப் பாடத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு நாங்கள் சரியாகச் சொல்லவில்லை. இன்றும் மொட்டை மாடிகளில் இரும்புக் கம்பிக் கொடிகளைப் பார்க்கிறேன்.

பிறகு காலம் வேகமாகப் போனது. 2006-ல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. விசைத்தறிக்கு இருந்த 750 யூனிட் சலுகை 2023-ல் 1000 யூனிட் ஆனது. இவை எங்கள் ஊருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தறியை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக்கல்லில் குனிந்து குனிந்து இடுப்பொடிந்த பெண்களுக்குக் கிரைண்டர் வந்த நாளை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தக் கிரைண்டரின் பிளக்கில் மூன்று முனைகள் இருந்தன. சுவரில் இருந்த சாக்கெட்டிலும் மூன்று ஓட்டைகள் இருந்தன. பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயர் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எத்தனையோ ஓட்டு வீடுகளில், காலனி வீடுகளில், லைன் வீடுகளில் அந்த ஓட்டை வெறும் ஓட்டைதான். பிளக்கின் பெரிய முனை மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும். பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். கருவிக்குள் மின்சாரம் நுழையும் முன்பே காவல் நின்றிருக்க வேண்டும் என்று யோசித்து வடிவமைத்திருக்கிறார்கள். நாமோ, இரண்டு ஓட்டை சாக்கெட்டில் நுழையவில்லை என்று அந்த முனையை உடைத்து எறிகிறோம். பிளக்கே இல்லாமல் வயர் நுனியைத் தீக்குச்சி வைத்துச் சொருகி ராடு ஹீட்டரில் வெந்நீர் போடுகிறோம்.

இன்றைய புது வீடுகளின் கதை வேறு. வயரிங் தரமாக இருக்கிறது. பச்சை வயரும் எல்லா சாக்கெட்டுக்கும் ஓடுகிறது. அது கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. கார் நிறுத்தும் இடத்துக்குக் கல் பதிக்கும்போது எர்த்துக் குழியின் தொட்டி அசிங்கமாகத் தெரிகிறது என்று அதன் மேலேயே பதித்து மூடிவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சுற்றுச்சுவர் எழுப்பும்போது கடப்பாரை பட்டு எர்த் கம்பி அறுந்து, யாரும் அதைத் திரும்ப ஒட்டாமல் விட்ட வீடும் உண்டு. மண் தெரியாத வாசலில் யார் தண்ணீர் ஊற்றுவது?

அக்கா மகள் வீட்டில் ஒருமுறை துவைக்கும் எந்திரத்தின் முன்னால் ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. எதற்கென்று கேட்டேன்.

“மிஷினைத் தொட்டா சுர்ருங்குது மாமா. அதான் செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் துணியை எடுப்பேன். எல்லார் வீட்லயும் இப்படித்தானுங்களே?”

ஆமாம், பலர் வீட்டில் அப்படித்தான். டெஸ்டர் வைத்தால் எந்திரத்தின் உடம்பில் விளக்கு எரிகிறது. அதன் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கண்டென்சர்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் கம்பி வழியே போய்விட வேண்டும். எர்த் இல்லாததால் அது உடம்பிலேயே நிற்கிறது. அந்தச் சுருக்கால் சாவு வராது. ஆனால் இந்த வீட்டில் எர்த் இல்லை என்று அது ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு உள்ளே பேஸ் வயர் நைந்தால், அதே உடம்பில் முழு மின்சாரமும் நிற்கும். செருப்பு அன்றைக்கு ஈரமாக இருந்தால்?

எம்.சி.பி. இருக்கிறதே, அது விழாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். நம் வீட்டு எர்த்துக் குழியின் தடை 5 ஓம், டிரான்ஸ்பார்மர் அடியில் இருக்கும் குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல குழிகள்தான். இரண்டும் சேர்ந்து 10 ஓம். 230 வோல்ட்டை 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். வீட்டில் பரவலாகப் போடும் 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்.சி.பி. கண நேரத்தில் விழ 80 ஆம்பியராவது வேண்டும். 23 ஆம்பியரில் அது மெதுவாகச் சூடேறி விழும். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கிரைண்டரின் உடம்பில் 115 வோல்ட் நிற்கும். கோடையில் நம் குழி காய்ந்து அதன் தடை 50 ஓம் ஆனால், ஓடுவது நாலு ஆம்பியர்தான். எம்.சி.பி. எப்போதும் விழாது. உடம்பில் 200 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

எம்.சி.பி.யைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஜெர்மனியில் 1924-ல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவி கம்பியைக் காக்கப் பிறந்தது. பழைய பீஸைவிட அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது: அளவு மீறினால் விழும், தூக்கிவிட்டால் நிற்கும், யாரும் அதில் தடித்த கம்பியைக் கட்டி ஏமாற்ற முடியாது. மனிதரைக் காக்க வேறொரு கருவி வேண்டும். அது ஆர்.சி.சி.பி. 1950-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபினும், ஆஸ்திரியாவில் காட்பிரீட் பீகல்மையரும் இதை உருவாக்கும் வேலையில் இருந்தார்கள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சீல், தன்னார்வலர்களை வைத்து ஒரு கேள்விக்கு விடை தேடினார்: மின்சாரம் பிடித்த கையை எந்த அளவு வரை ஒரு மனிதரால் தானே விடுவித்துக்கொள்ள முடியும்? ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் தசை இறுகிவிடும். கை கம்பியை விடாது. ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டால் உடலில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட முடியும். பதினாறு ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. மனித இதயத்துக்கு அது முடிவு.

ஆர்.சி.சி.பி. மின்னோட்டத்தின் அளவைப் பார்ப்பதில்லை, வித்தியாசத்தைப் பார்க்கிறது. எங்கள் ஊரில் முதலாளி தறிக்காரருக்கு நூலை எடை போட்டுக் கொடுப்பார். துணி திரும்பி வரும்போது மறுபடி எடை போடுவார். எடை குறைந்தால் நூல் வேறு எங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம். ஆர்.சி.சி.பி.யும் அதே கணக்கைத்தான் போடுகிறது. பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எர்த் வழியாகவோ மனித உடல் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது. உடனே தொடர்பைத் துண்டித்துவிடும். பெரிய கசிவு என்றால் 0.04 விநாடிக்குள். காய்ந்துபோன 50 ஓம் குழியில் ஓடும் அந்த நாலு ஆம்பியரை எம்.சி.பி. கண்டுகொள்ளாது, ஆர்.சி.சி.பி.க்கு அது 30 மில்லி ஆம்பியரைப்போல நூறு மடங்குக்கும் மேல். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்திருந்தால், கிரைண்டர் கெட்ட நொடியிலேயே மின்சாரம் நின்றுவிடும். யாரும் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. எர்த் இல்லாத வீட்டிலும், தொட்ட கணத்தில் அது விழுந்து உயிரைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் இரண்டு கைகளில் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது. அதனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் மெயினை இறக்காமல் கை வைக்கக் கூடாது.

இவ்வளவு செய்கிற கருவிக்கு நம் வீடுகளில் கிடைக்கும் மரியாதை என்ன? 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டை உலுக்கிய மின்வெட்டில் எங்கள் ஊரில் தறிகள் நாள் கணக்கில் நின்றன; முடிந்தவர்கள் எல்லாம் வீட்டுக்கு இன்வர்ட்டர் வாங்கினார்கள். இன்வர்ட்டரின் நியூட்ரலை வீட்டின் மற்ற நியூட்ரலோடு கலந்து விட்டால், மின்சாரம் ஆர்.சி.சி.பி. வழியாகப் போய் வேறு வழியாகத் திரும்பும். அது நேர்மையாக விழுந்துகொண்டே இருக்கும். செய்ய வேண்டியது, இன்வர்ட்டர் சுற்றுகளின் நியூட்ரலைத் தனியே பிரிப்பது. நடப்பது வேறு. தம்பி வீட்டில் வேலை செய்த இளைஞர் என்னிடமே சொன்னார்.

“இது சும்மா சும்மா விழுதுங்ணா. தொந்தரவு வேண்டாம்னு எடுத்துட்டு ஐசொலேட்டர் போட்டுட்டேன். இப்பப் பாருங்க, ஒரு பிரச்சினையும் இல்லீங்க.”

தம்பிக்கும் திருப்தி. ஐசொலேட்டர் வெறும் சுவிட்ச். பார்ப்பதற்கு ஆர்.சி.சி.பி. போலவே இருக்கும், அதனால் பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்குச் சந்தேகமும் வராது. ‘எங்கியோ ஒண்ணு சரியில்லைன்னு அது சொல்லுது, மொதல்ல அதைத் தேடு’ என்று மாமா சொன்ன பாடத்தில் பாதிதான் மிச்சம். சொல்கிற கருவியை எடுத்துவிட்டோம். தேட வேண்டிய குறை உள்ளேயே இருக்கிறது. அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வேலையை விரைவாக முடிக்கச் சொன்னதும், கூலியைக் குறைத்ததும், குறை எங்கே என்று தேட ஒரு நாள் கொடுக்காததும் நாம்தான். பிறகு நான் வற்புறுத்தி, உரிமம் பெற்ற ஒருவரை வைத்து நியூட்ரல்களைப் பிரித்து ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப மாட்டினோம். இப்போது அது காரணமில்லாமல் விழுவதில்லை.

சட்டம் இதை விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சில ஆண்டுகளுக்கு முன் மின் பகிர்மான விதித்தொகுப்பைத் திருத்தி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் இந்தக் கருவியைக் கட்டாயம் ஆக்கியது. வயரிங் வேலைக்கென்று மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வும் உரிமமும் இருக்கின்றன. புது இணைப்புக்கு வயரிங் சோதனை அறிக்கை கொடுக்க வேண்டும். தாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் எர்த்தின் தடையை எர்த் மெக்கர் என்ற கருவியால் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட வீடுகள் எத்தனை என்று உங்கள் வீட்டிலிருந்தே யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. வயல்வெளியில் அறுந்து கிடக்கும் கம்பிகள் அதில் ஒரு பகுதி. மோட்டார், கிரைண்டர், ராடு ஹீட்டர், ஈரத் துணிக்கொடி என்று வீட்டு வாசலுக்குள் நடப்பவை இன்னொரு பகுதி. இந்த இரண்டாவது பகுதியைத் தடுக்கும் வழி நம் கையில் இருக்கிறது.

எனக்கு அதிகக் கவலை லைன் வீடுகளைப் பற்றித்தான். எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் தறி ஓட்டுகிறவர்கள், சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்கள், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் குடியிருக்கிறார்கள். ஒரு மெயினிலிருந்து பல அறைகளுக்குக் கிளை இழுத்திருக்கும். பொதுக் குளியலறையில் நனைந்த சுவர், அதில் ஒரு சுவிட்ச். எர்த் எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே தெரியாது. குடியிருப்பவர் கேட்கவும் முடியாது; கேட்டால் வேறு வீடு பார்க்கச் சொல்வார்கள். டைல்ஸுக்கும் கேட்டுக்கும் லட்சங்களைச் செலவழிக்கிற ஊரில், ஒரு நல்ல எர்த்துக் குழிக்கும் ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கும் ஆகும் சில ஆயிரம் ரூபாயைச் செலவு என்று நினைப்பது நியாயமே இல்லை. ஃபிரிட்ஜைக் காக்க ஸ்டெபிலைசர் வாங்குகிறோம். அதைத் திறக்கிற கைக்கு எதுவும் வாங்குவதில்லை. வாடகை வாங்கும் ஒவ்வொருவருக்கும் குடியிருப்பவரின் உயிர் ஒரு பொறுப்பு. அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே அந்தப் பொறுப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது.

படிக்கிற உங்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று இருந்தால் அது ஆர்.சி.சி.பி.; இல்லையென்றால் உங்கள் வீட்டில் கம்பிக்குத்தான் காவல் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. பொத்தான் இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். எர்த்துக் குழி எங்கே என்று தேடுங்கள். மூடியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எர்த் மெக்கர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எந்திரத்தைத் தொட்டால் சுர்ரென்றால் செருப்பைத் தேடாதீர்கள், எர்த்தைத் தேடுங்கள். பிளக்கின் மூன்றாவது முனையை உடைக்காதீர்கள். துணிக்கொடிக்கு இரும்புக் கம்பி வேண்டாம். யாரையாவது மின்சாரம் பிடித்தால் அவரைத் தொடும் முன் மெயினை இறக்குங்கள். தெருவில் கம்பி அறுந்தாலோ தொங்கினாலோ நெருங்காமல், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

இதில் எதற்கும் பெரிய படிப்பு வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். வாடகைக்கு விட்ட வீடு உங்களுக்கு இருந்தால், உங்கள் சொந்த வீட்டுக்கு முன் அந்த வீட்டில் முதல் ஆர்.சி.சி.பி.யைப் போடுங்கள்.